கிணற்றுக்கு மோட்டார் வந்த வீட்டில் அடுப்பு ஏன் மாறவில்லை?

கனடாவில் வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன மாசம் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். அவன் வாங்கின வீட்டோடு சேர்ந்து வந்த பர்னஸ், அதாவது குளிர்காலத்தில் வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்புகிற உலை, 18 வருஷம் பழசு. ரிப்பேர் பண்ணுவதா, புதுசு போடுவதா? அந்த ஊர் மெக்கானிக்குகளிடம் இதுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு. மெஷினின் வயசை ரிப்பேர் செலவால் பெருக்கு. விடை 5,000 டாலரைத் தாண்டினால் மாத்திடு. தாண்டலைன்னா ஓட்டு. "சூப்பர் ஃபார்முலா இல்ல?" என்று கேட்டிருந்தான்.

எனக்கு உடனே தோன்றியது, இந்த ஃபார்முலாவை நம்ம ஊர் அடுப்புக்குப் போட்டா என்ன வரும்?

கோயமுத்தூரில் வீட்டைச் சூடாக்க யாரும் உலை வைப்பதில்லை. மார்கழிக்கு ஒரு ஸ்வெட்டர், முடிஞ்சுது. ஆனா 'உலை' என்கிற சொல் நம்ம வீட்டுக்குள்ளேயும் இருக்கு. கொல்லர் பட்டறையில் இரும்பு காய்வதும் உலை, சோத்துக்குத் தண்ணி கொதிக்க வைப்பதும் உலை. "உலை வெச்சாச்சா?" என்று தினமும் கேட்ட வீடுகள்தான் இவை. ஆக, நம்ம வீட்டு பர்னஸ் அடுப்புதான்.

சரி, கணக்கைப் போடுவோம். மண் அடுப்பு. வீட்டுப் பெண்களே கையால் பிடித்தது. விரிசல் விட்டா கொஞ்சம் செம்மண், கொஞ்சம் சாணி, மெழுகினா முடிஞ்சுது. ரிப்பேர் செலவு பூஜ்யம். வயசு பத்து வருஷமா இருக்கட்டும், நூறு வருஷமா இருக்கட்டும், பூஜ்யத்தால் பெருக்கினா பூஜ்யம். ஃபார்முலா என்ன சொல்லுது? எந்தக் காலத்திலும் மாத்தாதே.

நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா இந்தக் கதையில் எனக்கு ஆச்சரியமா இருந்தது, அதே வீட்டில் இருந்த இன்னொரு மெஷின். அதைப் பத்தி முதலில் பேசியாகணும்.

கொங்கு நாட்டில் பெரிய ஆத்துப் பாசனம் கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கிணறு. பாறையை உடைச்சு இறக்கின ஆழமான கிணறுகள். அதில் இருந்து தண்ணி எடுக்க கவலை. ரெண்டு காளைகள், ஒரு வடக்கயிறு, தோலோ தகரமோ வைத்த ஒரு பெரிய சால். காளைகள் சரிவில் இறங்கினா சால் மேலே வரும், வாய்க்காலில் தண்ணி கொட்டும். திரும்பப் பின்னாடி நடந்து வந்தா சால் கிணற்றுக்குள் இறங்கும். விடியற்காலையில் பூட்டினா வெயில் ஏறும் வரைக்கும் இதே நடை. வருஷம் முழுக்க காளைக்குத் தீனி, ஓட்டுகிற ஆளுக்குக் கூலி.

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அந்தக் கரண்ட் கீழே கோவைக்கு வந்ததும் மில்கள் பெருகின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வது வழக்கம். அப்புறம் பீளமேடு, கணபதி பக்கம் பவுண்டரியும் பம்ப் கம்பெனியுமா முளைத்தது உங்களுக்கே தெரியும். சுதந்திரத்துக்கு அப்புறம் கிராமங்களுக்குக் கம்பி இழுத்த ஒரு தலைமுறைக்குள், கவலை ஓட்டின தோட்டங்களில் மோட்டார் ரூம் வந்துடுச்சு.

அந்த மோட்டாருக்காக ஜனங்க எவ்வளவு தூரம் போனாங்க தெரியுமா? 1970-இல் மின்கட்டணம் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏறியது. அதை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் மாதம் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்துபோனார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் அந்த இயக்கம் வளர்ந்தது. 1972-இல் கோவை ரோடுகளையே மாட்டுவண்டிகளால் நிரப்பினார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஒரு மெஷினை மாத்தினதோடு நிறுத்தாம, அதை ஓட்டுகிற எரிபொருள் செலவுக்கும் சேர்த்துச் சண்டை போட்டு ஜெயிச்ச ஊர் இது.

இப்போ அதே தோட்டத்து வீட்டுக்குள்ள வாங்க. 1965-ன்னு வெச்சுக்குவோம். கிணத்து மேட்டில் அஞ்சு எச்பி மோட்டார் ஓடுது. சமையலறையில் கொடி அடுப்பு. பெரிய அடுப்பில் சோறு, அதன் அனல் பக்கவாட்டில் போகிற கொடியில் குழம்பு. பக்கத்தில் ஊதாங்குழல். ஓடு முழுக்கக் கரி. அதே மின்கம்பி வீட்டுக்குள்ளும் வந்திருக்கு, ஆனா எரிவது ஒரு பல்பு. அந்த அடுப்புக்கு முன்னாடி உக்கார்ந்திருக்கிற பெண் தன் பாட்டி ஊதின மாதிரியே ஊதிட்டிருக்காங்க.

காளையை மாத்தினது சரியான முடிவு, அதில் சந்தேகமே இல்லை. காளைக்குத் தீனிச் செலவு இருக்கு, ஆளுக்குக் கூலி இருக்கு, தண்ணி பத்தலைன்னா பருத்தி காயும். எல்லாமே கணக்கு நோட்டில் ஏறுகிற விஷயம். அடுப்பில் வேலை செய்கிறவங்களுக்குக் கூலி கிடையாது. விறகு காட்டில் கிடக்குது. புகை யாருடைய நோட்டிலும் ஏறாது. நோட்டை வைத்திருந்தவர் சமையலறையில் உக்காரவும் இல்லை.

"கோயமுத்தூர்லதானே கிரைண்டர் கண்டுபிடிச்சாங்க, சமையலறையை யாரும் கவனிக்கலைன்னு எப்படிச் சொல்ற?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 1955 வாக்கில் பி. சபாபதி என்கிற கோவைக்காரர் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்று சொல்லப்படுது. ஆனா அது முதலில் எங்கே போச்சு? ஓட்டல்களுக்கு. இட்லி மாவு ஆட்டுவதற்கு ஆள் வெச்சு, சம்பளம் கொடுத்துட்டு இருந்த இடங்களுக்கு. வீட்டு ஆட்டுக்கல்லுக்கு அந்த மெஷின் வந்து சேர இன்னும் பல வருஷம் ஆச்சு. எங்கே உழைப்புக்குச் சம்பளம் இருந்ததோ அங்கே மெஷின் சீக்கிரம் வந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு வரிதான்.

கொஞ்சம் இன்ஜினியரிங் பேசலாம். விறகு 'இலவசம்' என்று சொல்கிறோமே, அது எவ்வளவு வேலை? ஒரு வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். கிலோவுக்குச் சுமார் 46 மெகாஜூல் வெப்பம், மொத்தம் 650-க்குப் பக்கம். கேஸ் அடுப்பில் அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகுதுன்னா 390. விறகு கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல். ஆனா திறந்த மண் அடுப்பில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். 12 என்று வைத்தால் ஒரு கிலோ விறகில் இருந்து கிடைப்பது 2 மெகாஜூலுக்கும் குறைவு. ஆக ஒரு சிலிண்டர் செய்கிற வேலைக்கு 200 கிலோ விறகு வேணும். தலைச்சுமை 20 கிலோன்னா பத்து நடை. பொறுக்கணும், உடைக்கணும், காயப்போடணும், மழைக்கு முன்னாடி அட்டாலியில் அடுக்கணும். ஃபார்முலாவில் இது அத்தனைக்கும் பூஜ்யம் போட்டிருக்கோம்.

இந்தப் பூஜ்யத்தைக் கவனித்தவர்கள் அப்பவே இருந்தாங்க. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்காளராகப் படித்தவர். கோட்டு சூட்டை விட்டுட்டுக் காந்தியோடு சேர்ந்து, 1934-இல் தொடங்கின அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். அங்கேதான் 1940-களில் புகைபோக்கி வைத்த 'மகன் சூல்ஹா' என்கிற மண் அடுப்பு உருவானது. அப்புறம் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்கிற பொறியாளர் இதையே ஆராய்ந்து புகையில்லாத அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை என்று அவர் எழுதின சின்னப் புத்தகம் 1953-இல் சென்னையில் அச்சானது. நாலு அணா மண்ணும் ஒரு மனுஷனின் உழைப்பும் போதும் என்கிற மாதிரியான டிசைன்கள் இவை.

டாக்டர்களும் பார்த்தாங்க. 1950-களில் டெல்லியில் இருதய மருத்துவர் எஸ். பத்மாவதி, நுரையீரல் கெட்டுப்போய் அதனால் இதயம் வீங்கி வருகிற நோயாளிகளை ஆராய்ந்தார். பீடி பிடிக்காத பெண்களுக்கும் ஏன் இது இவ்வளவு வருது? சமையலறைப் புகை மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. 127 நோயாளிகளைப் பத்தின அந்தக் கட்டுரை 1959-இல் வெளிவந்தது. நம்ம தோட்டத்தில் மோட்டார் மாட்டிட்டு இருந்த அதே காலம்.

அப்படின்னா புகையில்லா அடுப்பு ஏன் பரவலை? பெண்கள் பழமைவாதிகள் என்று அந்தக் கால அதிகாரிகள் ஈசியா முடிச்சிட்டாங்க. எனக்கு அது சுத்தமா ஏத்துக்க முடியலை. ஓட்டைப் பிரிச்சுக் குழாய் விட்டா மழைக்கு ஒழுகும். குழாயில் கரி அடைச்சா யார் ஏறிச் சுத்தம் பண்ணுவது? பெரிய பாத்திரம் அந்தக் குழியில் உக்காராது. களி கிண்ட அடுப்பு பலமா இருக்கணும். இன்னொண்ணு, அந்தப் புகையில் பயனும் இருந்தது. அட்டாலியில் வைத்த விதைக்கும் புளிக்கும் பூச்சி வராது, கூரை வாரியில் கரையான் ஏறாது. ஒரு பழைய சாஃப்ட்வேரை மாத்தும்போது, டாக்குமெண்டில் இல்லாத பத்து வேலைகளை அது சத்தமில்லாம செஞ்சிட்டு இருந்தது கடைசியில்தானே தெரியும்? அதே கதை.

மத்திய அரசு 1980-களில் இதைப் பெரிசா எடுத்தது. தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம். 2002-இல் கைவிடும் வரைக்கும் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் கட்டினார்கள். எத்தனை கட்டினோம் என்று எண்ணினார்கள். அடுத்த வருஷம் அதில் எத்தனை எரிந்தது என்று எண்ணுவதில் அந்த அக்கறை இல்லை. நிறைய அடுப்புகள் ரெண்டு வருஷம்கூடத் தாங்கலை.

டவுனில் கதை வேற மாதிரிப் போச்சு. லைன் வீட்டில், ஒண்டிக்குடித்தனத்தில் விறகு வைக்கவே இடம் கிடையாது. அங்கே மரத்தூள் அடுப்பு. தகர டின்னுக்கு நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுத்தி மரத்தூளை இறுக்கி இடிச்சு, பாட்டிலை உருவினா நடுவில் துளை. அதில் தீ பிடிச்சா மணிக்கணக்கில் எரியும். அப்புறம் பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசை.

கேஸ் இந்தியாவுக்கு வந்தது 1955, பம்பாயில். இண்டேன் வந்தது 1965. ஆனா 'பதிவு பண்ணியிருக்கோம்' என்று வருஷக்கணக்கில் காத்திருந்த கதையை உங்க அம்மாகிட்ட கேளுங்க. எம்.பி.க்களுக்கு கேஸ் கனெக்‌ஷன் கூப்பன் ஒதுக்கீடு இருந்த காலம் அது. கனெக்‌ஷன் வந்ததும் ரேஷன் கார்டில் ஒரு முத்திரை விழும், மண்ணெண்ணெய் குறையும். பணம் இருந்தும் மாத்த முடியாத வீடுகள் ஒரு பக்கம். கனெக்‌ஷனுக்கே பணம் இல்லாத வீடுகள் இன்னொரு பக்கம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில்தான் கேஸ்.

2006 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதிகளில் கலர் டிவியைத்தான் எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க. அதே லிஸ்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பும் கனெக்‌ஷனும் இருந்தது. 2007 ஜனவரியில் கொடுக்க ஆரம்பித்தார்கள். மத்திய அரசின் உஜ்வலா வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாடி. 2011 கணக்கெடுப்பில் கேஸ் வீடுகள் பாதியை நெருங்கிவிட்டன. எனக்கு அந்தத் திட்டத்தில் முக்கியமாப் படுவது, முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்பதுதான். வீட்டுக் கணக்கு நோட்டு 'மாத்தாதே' என்று சொல்லிட்டே இருந்தது. அந்த நோட்டை மூடி வெச்சிட்டு, வெளியில் இருந்து ஒருத்தர் முடிவெடுத்தார். அதுக்குப் பின்னாடி ஓட்டுக் கணக்கும் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். பெண்களுக்கு ஓட்டு இருந்ததே அடுப்பு மாறினதுக்கு ஒரு காரணம் என்றும் அதைப் படிக்கலாம்.

பைக்காரா கரண்ட் வந்ததில் இருந்து அந்த 2007 வரைக்கும் 75 வருஷம். தோட்டத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருபதடி கூட இருக்காது.

ஆனா கேஸ் வந்த அன்னைக்கே விறகு அடுப்பு செத்துப்போகலை. பொள்ளாச்சிப் பக்கம் எங்க அம்மிச்சி வீட்டில், "அம்மிச்சி, விறகு அடுப்பை எந்த வருஷம் மாத்துனீங்க?" என்று இந்த எபிசோடுக்காகக் கேட்டேன். "மாத்துனோம்னு யாரு கண்ணு சொன்னா? அடுப்பு வாசலுக்குப் போயிருச்சு, அவ்வளவுதான்" என்றார்.

அது உண்மை. உள்ளே கேஸ், வெளியே செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதுக்குள்ள நெருப்பு, சுத்தித் தண்ணி. ஹீட் எக்ஸ்சேஞ்சரா பார்த்தா மண் அடுப்பைவிட ரொம்ப நல்ல டிசைன். தென்னந்தோப்பில் மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும் தானா விழுந்துட்டே இருக்கு, அதைத் தூக்கிட்டு வர பத்தடி. வெட்டவெளியில் எரியுது, யாரும் முன்னாடி உக்கார்ந்து ஊதத் தேவையில்லை. இங்கே கனடா ஃபார்முலாவைப் போட்டா வருகிற 'மாத்தாதே' சரியான விடைன்னுதான் நினைக்கிறேன். கல்யாணச் சோறு, கறிச்சோறு, பொங்கல் இதெல்லாம் இன்னும் விறகில்தான். பழைய சிஸ்டமும் புதுசும் சேர்ந்து ஓடுகிற பேரலல் ரன் மாதிரி.

எல்லா வீட்டிலும் இது விருப்பத்தால் நடக்கலை. தோப்பு இல்லாத, கூலி வேலைக்குப் போகிற வீட்டில் விறகு திரும்ப உள்ளே வருவது சிலிண்டர் விலையால். 2020 மே மாதத்துக்குப் பிறகு சாதாரணக் கனெக்‌ஷனுக்கு மானியம் பேரளவுக்குத்தான். 2022-இல் சிலிண்டர் 1,000 ரூபாயைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் 200, 2024 மார்ச்சில் இன்னும் 100 என்று குறைத்தார்கள். அடுப்பு இலவசமா கொடுத்தாச்சு. எரிபொருள்? பம்ப் செட்டுக்கு நம்ம ஊர் கேட்டு வாங்கினது எரிபொருளைத்தான், ஞாபகம் இருக்கில்ல?

எரிபொருளும் இலவசமா வந்தா என்ன ஆகும் என்று ஒரு பரிசோதனையே நடந்திருக்கு. ஹாபின் என்கிற ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாலு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் நடந்தது தமிழ்நாட்டில்தான், விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு இங்கே பொறுப்பு. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வீடு தேடி, இலவசமா, 18 மாதம். அவங்க கிட்டத்தட்ட எல்லாருமே விறகை விட்டுட்டாங்க. 'பழமைவாதம்' எங்கே போச்சு? அவங்க சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. விறகில் சமைத்த பெண்களுக்கு 70. மூணில் ஒரு பங்கு.

ஆனா 2022-இல் முதல் முடிவுகள் வந்தப்போ, பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. சுமார் 20 கிராம். பல பேருக்கு இது ஏமாற்றம். தெருக்குப்பை புகை, பக்கத்து வீட்டுப் புகை, அதுக்கு முன்னாடி இருபது வருஷம் சுவாசித்த புகை, இதெல்லாம் ஒரு கர்ப்ப காலத்தில் அழிஞ்சிடுமா என்று வாதம் ஓடிட்டிருக்கு. குழந்தை எடை ஏறலைன்னா அடுப்பை மாத்தினது வீண் என்று யாராவது சொன்னா, எனக்குக் கோபம் வரும். கண் எரியாம சமைப்பது அந்தப் பெண்ணுக்குப் போதாத காரணமா? மோட்டார் மாட்டினப்போ, காளைக்காரருக்கு முதுகுவலி குறைஞ்சதை யாராவது ஆய்வு செஞ்சு நிரூபிக்கச் சொன்னாங்களா?

இப்போ நம்ம அபார்ட்மெண்டில் அடுத்த ரவுண்ட் ஆரம்பிச்சாச்சு. கேஸா, இண்டக்‌ஷனா, பைப் கேஸா? அந்தக் கணக்கை வேற எபிசோடில் போடலாம். அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. உங்க சிலிண்டரின் மேல்பக்கக் கம்பியின் உள்பக்கம் ஓர் எழுத்தும் ரெண்டு எண்ணும் இருக்கும். ஏ-ன்னா ஜனவரியில் இருந்து மார்ச், பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. எண் வருஷம். அந்தத் தேதிக்குள் அந்த சிலிண்டரைத் திரும்பச் சோதிக்கணும் என்று அர்த்தம். தேதி தாண்டினதைக் கொடுத்தா வாங்காதீங்க. ஆரஞ்சு ரப்பர் ட்யூபிலும் வருஷம் அச்சடிச்சிருக்கும், அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். எங்க வீட்டில் நேத்துதான் மாத்தினோம். அம்மிச்சி வீட்டு பாய்லரில் அப்படி எந்தத் தேதியும் அடிச்சிருக்கலை.